வந்த வழி



அம்பத்தூர் இரயில் நிலையத்தின் நடைமேடையில் இருவர் நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர். மற்றவர் ஆவடியிலிருந்து வந்து இறங்கியவர். "ஐயா, உமக்கு முந்தைய நிலையம் யாது?" என்று அவர்களை வினவுவோமாயின், முதலாமவர் பட்டரவாக்கம் என்பார், இரண்டாமவர் திருமுல்லைவாயில் என்பார். இருவரும் நிற்கும் இடம் ஒன்றே. ஆயினும் இருவருக்கும் முந்தைய இடம் ஒன்றன்று. இருவரும் உரைத்தது உண்மையே. நிலையத்தின் பெயர்ப்பலகை, நாம் நிற்கும் இடத்தை அறிவிக்குமேயன்றி, நாம் வந்த இடத்தை ஒருகாலும் அறிவிக்காது. நிற்கும் இடம் ஊரைச் சேர்ந்தது. முந்தைய இடமோ பயணியைச் சேர்ந்தது. இச்சிறு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வீர்களாயின், இன்று நான் சொல்லப்போகும் வரலாறு எளிதில் விளங்கும்.

1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதற் பயணியர் புகைவண்டி ஓடிய பாதை, அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து செல்லும் இப்பாதையே ஆகும். இதன் ஓரத்தே அமைந்த பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வரலாறு என்றவுடன் நீங்கள் அரசர்களையும் போர்களையும் எதிர்பார்க்கக்கூடும். இன்று நான் கூற விரும்புவது ஓர் அம்புக்குறியின் வரலாறு. கணினித் திரையில், இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியின் மேற்புறத்தில், இடப்பக்கம் நோக்கி இருக்கின்றதே, அந்த அம்புக்குறியே அது. அதனை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குச் செல்வோம் என்று நாம் அனைவரும் நம்புகின்றோம். அந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு குலைந்தது, எவ்வாறு மீட்கப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை ஆராயுமாறு என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், என் பள்ளியிற் பயின்ற மாணவி ஒருத்தி, கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க என் துணையை நாடினாள். அவள் தந்தையார் தொழிற்பேட்டையில் கடைசல் பொறியில் வேலை பார்ப்பவர். விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். ஆவடியில் ஒரு கணினி நிலையத்தில் மாலையில் அமர்ந்தோம். ஏழு படிகள் கொண்ட விண்ணப்பம் அது. ஆறு படிகளை முடித்து ஏழாவதை எட்டியபொழுது, மூன்றாவது படியில் தந்தையாரின் ஆண்டு வருமானத்தில் ஒரு சுழியம் கூடிவிட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"ஐயா, பின்னால் போய்த் திருத்திவிடலாமா?" என்று கேட்டாள்.

"தவறு கண்டால் ஓரடி பின்வைத்துத் திருத்துவதுதானே முறை? போ அம்மா" என்றேன்.

அவள் அம்புக்குறியை அழுத்தினாள். ஆறாவது படி வரவில்லை. மூன்றாவது படியும் வரவில்லை. விண்ணப்பத்துக்கே வெளியே இருந்த முகப்புப் பக்கம் வந்து நின்றது. மீண்டும் உள்ளே சென்றால், எல்லாக் கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. கடைசி நாளாதலின் ஊரெல்லாம் அந்தத் தளத்தில் குழுமியிருந்தது. இரண்டாம் முறை நான்காவது படியை எட்டுவதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது. அவ்வாண்டு அவளுக்கு உதவித்தொகை கிட்டவில்லை. அவள் தந்தையார் வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தினார். அழுத்தியது அவள் விரலேயாயினும், அழுத்தச் சொன்னது என் நாவன்றோ? அந்த எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

அம்பத்தூரில் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். "தம்பி, பின்செல்லும் பொத்தான் ஏன் பின்செல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் சிறிது தயங்கிவிட்டு, "ஐயா, அது பின்செல்லத்தான் செய்தது. நீங்கள் 'பின்' என்று எண்ணிய இடம் வேறு, அது 'பின்' என்று எண்ணிய இடம் வேறு" என்றார். அவ்விடையின் பொருளை அறிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. அறிந்தவற்றை உங்களுக்கு முறையாகச் சொல்கின்றேன்.

திரும்பிப் பார்த்தல் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் நிலையை நான்காக வகுத்தார். ஆறுபோல் இடையறாது ஒழுகுவது ஒன்று. சிங்கம் நடக்கும்பொழுது முன்னும் பின்னும் நோக்குவதுபோல், முன் சென்றதையும் பின் வருவதையும் தழுவி நிற்பது மற்றொன்று; இதற்கு அரிமா நோக்கு என்று பெயர். தவளைபோல் இடைவிட்டுப் பாய்வது மூன்றாவது. பருந்துபோல் ஒரே வீழ்ச்சியில் வந்து பொருந்துவது நான்காவது. இன்றைய இணையத்தில் ஒரு சொல்லைத் தொட்டவுடன் வேறொரு பக்கத்துக்குத் தாவுகின்றோமே, அது தவளைப் பாய்த்தே அன்றி வேறென்ன? ஆனால் பாய்கின்ற தவளைக்கு, எந்தக் கல்லிலிருந்து பாய்ந்தோம் என்ற நினைவு வேண்டும். இன்றேல் அது திரும்புவது எவ்வாறு?

ஓலைச்சுவடிக் காலத்திலும் இவ்வினா இருந்தது. ஏடுகளைக் கோத்த கயிறு அற்றுவிட்டால், எந்த ஏட்டுக்குமுன் எந்த ஏடு என்பதை எவ்வாறு அறிவது? ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால் தொல்லையில்லை. எண் இல்லாவிடினும், அந்தாதி நூலாயின் ஒருவாறு பிழைக்கலாம். ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக அமைவதே அந்தாதி. ஆகவே ஒவ்வொரு செய்யுளும், தனக்கு முன்னால் நின்றது இன்னது என்ற அடையாளத்தைத் தன் நெற்றியிலேயே சுமந்து நிற்கின்றது. இவ்வுவமையைச் சற்று நினைவில் வையுங்கள். இணையத்திலும் இத்தகைய அந்தாதி ஒன்றை விரைவில் காண்போம்.

ஆனால் சுவடிக்கும் இணையத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சுவடியில் முந்தைய ஏடு எது என்பது நூலாசிரியர் வகுத்த வரிசை. படிப்பவர் எவராயினும் அவ்வரிசை மாறாது. தாவித் தாவிப் படிக்கும் நூலிலோ, முந்தைய பக்கம் எது என்பது படிப்பவரின் வழியைப் பொறுத்தது. இதனை முன்னுணர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிவியலறிஞர் வனேவர் புஷ். 1945ஆம் ஆண்டு ஜூலை மாதத்து 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில், 'மெமக்ஸ்' என்னும் கற்பனைப் பொறி ஒன்றை அவர் விளக்கினார். மேசையளவு உள்ள அப்பொறியில் நுண்படச் சுருள்களாக நூல்கள் அடங்கியிருக்கும். படிப்பவர் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குச் சென்ற தடத்தை அப்பொறி காத்து வைக்கும். அத்தடத்தைப் பிறரிடம் கொடுக்கவும் இயலும் என்றார். நூலைக் காப்பதோடு தடத்தையும் காக்க வேண்டும் என்பதே அவர் உள்ளத்தில் தோன்றிய புதுமை. 1965இல் டெட் நெல்சன் என்பவர் இத்தகைய தாவும் எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்று பெயரிட்டார். 1987இல் ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன் உருவாக்கிய 'ஹைப்பர்கார்டு' என்னும் மென்பொருளில், அண்மையிற் கண்ட அட்டைகளைச் சிற்றுருவங்களாகக் காட்டி, வேண்டியதற்குத் திரும்பும் வசதி அமைந்திருந்தது.

இனி இணையத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார்; 1990இல் உலகின் முதல் உலாவியை எழுதி முடித்தார். அதில் 'முந்தையது' என்றும் 'பின்செல்' என்றும் இருவேறு கட்டளைகள் இருந்தன. 'முந்தையது' என்பது, ஒரு பட்டியலில் நாம் தொட்டதற்கு முன்னால் நிற்கும் தொடுப்புக்குச் செல்வது. அது நூலின் வரிசை. 'பின்செல்' என்பது நாம் வந்த இடத்துக்கே திரும்புவது. அது பயணியின் வரிசை. தொடக்கத்திலேயே இவ்விரண்டையும் அவர் வேறாக வைத்தது நாம் வியக்கத்தக்கது. பின்னர் நிக்கோலா பெல்லோ என்னும் இளம் பெண்மணி எழுதிய எளிய உலாவியிலும், எழுத்தாலேயே 'பின்செல்' என்று கட்டளையிட முடிந்தது. 1993இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய 'மொசைக்' உலாவி படமும் பொத்தானும் கொண்டு பொதுமக்களிடையே பரவியது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபொழுது, சென்னையும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

அந்த அம்புக்குறி எவ்வளவு பயன்பட்டது என்று அறிய விரும்புவீர்கள். ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கேட்லெஜ், பிட்கோ என்னும் இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயனர் செய்த வழிச்செல்லும் செயல்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு பின்செல்லுதலே. 1997இல் கனடா நாட்டுக் கால்கரிப் பல்கலைக்கழகத்தின் டாவ்ஷர், கிரீன்பெர்க் ஆகியோர் கண்டவாறு, மக்கள் திறக்கும் பக்கங்களுள் 58 விழுக்காடு அவர்கள் முன்னரே கண்டவை. மனிதன் முன்னோக்கி விரைபவன் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அவன் இரண்டடி வைத்து ஓரடி திரும்பிப் பார்ப்பவன், அரிமா நோக்கினன்.

உலாவி இத்தடத்தை எவ்வாறு காக்கின்றது? என் மேசைமேல் மாணவர் குறிப்பேடுகள் அடுக்கப்பட்டிருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். புதிதாக வந்த குறிப்பேடு எல்லாவற்றுக்கும் மேலே வைக்கப்படும். எடுக்கும்பொழுது மேலே இருப்பதே முதலில் வரும். கணினியியலார் இதனை 'அடுக்கு' என்பர். நாம் ஒரு பக்கத்துக்குச் செல்லுந்தோறும் அது அடுக்கின் மேல் ஏறுகின்றது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால், மேலே உள்ளது பக்கத்தில் உள்ள வேறோர் அடுக்குக்கு மாறுகின்றது. அதன் கீழிருந்தது கண்முன் வருகின்றது. மீண்டும் முன்செல்ல வேண்டின் இரண்டாம் அடுக்கிலிருந்து எடுக்கலாம். இடையில் ஒரு புதிய வழியிற் சென்றுவிட்டாலோ, இரண்டாம் அடுக்கு கலைந்துவிடும். இவ்வளவே அதன் நுட்பம்.

முன்னர்ச் சொன்ன அந்தாதியை இப்பொழுது நினைவுகூருங்கள். உலாவி ஒரு பக்கத்தை வழங்கியிடமிருந்து கேட்கும்பொழுது, 'நான் இன்ன பக்கத்திலிருந்து வருகின்றேன்' என்று ஒரு குறிப்பையும் உடன் அனுப்புவது வழக்கம். 1996 மே மாதத்தில் வெளியான இணைய விதிமுறை ஆவணத்தில் இக்குறிப்பு 'ரெஃபரர்' என்று இடம்பெற்றது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வேண்டிய 'ஆர்' எழுத்துகளில் ஒன்று விடுபட்டுப் பிழையாகவே அது பதிந்தது. உலகெங்கும் நிரல்கள் அப்பிழையோடு எழுதப்பட்டுவிட்டமையால், இன்றளவும் அதனைத் திருத்த இயலவில்லை. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைத்த ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தி தரும் வியப்பு சிறிதன்று.

இதுவரை எல்லாம் செம்மையாகவே நடந்தது. ஏனெனில் ஒவ்வொரு தொடுப்பும் ஒரு புதிய பக்கத்தைக் கொணர்ந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி இருந்தது. உலாவி அதனைத் தன் அடுக்கில் ஏற்றியது. நம்பிக்கை குலைந்தது பிறகுதான். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக், பக்கத்தின் உள்ளேயே இயங்கவல்ல ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் படைத்தார். 1999இல் மைக்ரோசாப்டின் உலாவி, பக்கத்தை மாற்றாமலே செய்தியை மட்டும் வரவழைக்கும் கருவியை வழங்கியது. இவ்விரண்டும் கூடியபொழுது ஒரு புதுமை விளைந்தது. பக்கம் ஒன்றே, அதன் உள்ளே உள்ள காட்சி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நாடக மேடை அப்படியே நிற்க, திரைச்சீலைகள் மட்டும் மாறுவது போன்றது இது. இதனையே ஒற்றைப்பக்கச் செயலி என்கின்றனர். 2004 ஏப்ரலில் கூகிளின் ஜிமெயிலும், 2005 பிப்ரவரியில் அதன் நிலப்படமும் இம்முறையில் வந்தன. அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயர் சூட்டினார். நம் சென்னையும் பின்தங்கவில்லை. இங்கே பெரும்பகுதிப் பணியை நடத்திய அட்வென்ட்நெட் நிறுவனம், பிற்காலத்தில் சோஹோ என்று பெயர் மாறியது; உலாவிக்குள்ளேயே கட்டுரை எழுதித் திருத்தும் 'சோஹோ ரைட்டர்' செயலியை அது 2005ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது.

இப்புதுமையால் விரைவு மிகுந்தது. ஆனால் அம்புக்குறி அறிவிழந்தது. காட்சி ஏழு முறை மாறினும் உலாவிக்குத் தெரிந்தது ஒரே பக்கம். அதன் அடுக்கில் ஏறியதும் ஒன்றே. ஆகவே பின்செல்லும் பொத்தானை அழுத்தினால், ஏழாம் காட்சியிலிருந்து ஆறாம் காட்சிக்குச் செல்லாமல், மேடையையே விட்டு வெளியேறிவிடும். என் மாணவிக்கு நேர்ந்ததும் இதுவே. நாங்கள் இருவரும் ஏழு நிலையங்கள் கடந்து வந்ததாக எண்ணினோம்; பொறியின் கணக்கிலோ நாங்கள் ஏறிய இடத்தைவிட்டு ஒரே நிலையந்தான் வந்திருந்தோம். இப்பொழுது என் பழைய மாணவர் சொன்ன விடையின் பொருள் உங்களுக்கும் விளங்கும்.

இக்குறையை நீக்க அறிஞர் முயன்ற வழிகளும் சுவையானவை. முகவரியின் இறுதியில் 'ஹேஷ்' என்னும் கட்டக்குறியை இட்டு, அதன்பின் ஒரு சொல்லைச் சேர்த்தால், பக்கம் மாறாது. எனினும் உலாவி அதனைப் புதிய அடியாகக் கொண்டு அடுக்கில் ஏற்றும். ஒரு நீண்ட கட்டுரையின் உட்பிரிவைச் சுட்டுவதற்காக ஏற்பட்ட அக்குறியை, ஒவ்வொரு காட்சிக்கும் அடையாளமாகப் பயன்படுத்தினர். இது ஓர் ஒட்டுவேலையே. பின்னர் எச்.டி.எம்.எல். 5 என்னும் புதிய வரையறையில் நேரான வழியே பிறந்தது. 'புஷ்ஸ்டேட்' என்னும் கட்டளையால், பக்கத்தை மாற்றாமலே புதிய முகவரி ஒன்றை அடுக்கில் ஏற்றலாம். பயனர் பின்சென்றால் 'பாப்ஸ்டேட்' என்னும் அறிவிப்பு வந்து செயலியைத் தட்டி எழுப்பும். குரோம், சபாரி உலாவிகளில் 2010இலும், ஃபயர்ஃபாக்சில் 2011இலும் இவ்வசதி வந்தது. 2014 அக்டோபரில் அவ்வரையறை உலக இணைய அமைப்பின் இறுதிப் பரிந்துரையாயிற்று.

ஆயினும் தொல்லை முற்றிலும் ஒழிந்ததா? இல்லை. 'இப்பயனர் இதற்குமுன் எந்தக் காட்சியில் இருந்தார்?' என்று செயலி அறிய விரும்பும்பொழுது, அதற்குச் சொல்வார் எவருமிலர். 'ரெஃபரர்' குறிப்பு உதவாது. அது முதன்முதல் பக்கம் திறந்தபொழுது எழுதப்பட்டதோடு சரி, உள்ளே எத்தனைக் காட்சிகள் மாறினும் அது மாறாது. உலாவியின் அடுக்கைக் கேட்கலாமெனின், அடுக்கில் எத்தனை உள்ளன என்பதை மட்டும் அது சொல்லும். அவை எவை என்று சொல்லாது. இதற்குக் காரணம் உண்டு. ஒருவர் எங்கெங்குச் சென்று வந்தார் என்பது அவருடைய அந்தரங்கம். மருத்துவத் தளத்திலிருந்து வங்கித் தளத்துக்கு வருபவரின் வழியை வங்கி அறியவேண்டியதில்லை. முன்னர்க் கண்ட தொடுப்புக்கு நிறம் மாறும் வழக்கத்தைக் கொண்டே பயனரின் தடத்தை வேவு பார்க்க முடியும் என்பது தெரிந்து, 2010இல் மொசில்லாவின் டேவிட் பேரன் அதற்குத் தடை வகுத்தார். 2020ஆம் ஆண்டு குரோம் உலாவி, வேறு தளத்துக்குச் செல்லும்பொழுது 'ரெஃபரர்' குறிப்பில் முழு முகவரியைத் தராமல் தளத்தின் பெயரை மட்டும் தருவதைப் பொதுவிதியாக்கியது.

ஆகவே வந்த வழியை நினைவில் வைக்கும் கடமை, செயலியை எழுதுபவரின் தலைமேல் வந்து விழுந்தது. இங்கேதான் தொடக்கநிலையில் உள்ளோர் பலர் தவறுகின்றனர். 'முந்தைய காட்சி' என்று ஒன்றை மட்டும் குறித்து வைத்தாற் போதும் என்று எண்ணுகின்றனர். அது போதுமா என்று நம் இருப்புப் பாதையிலேயே சோதித்துப் பார்ப்போம். ஒருவர் கொரட்டூரிலிருந்து பட்டரவாக்கம் வழியாக அம்பத்தூருக்கு வருகின்றார். அவர் கையிலுள்ள சீட்டில் 'முந்தையது: பட்டரவாக்கம்' என்று எழுதியுள்ளது. அவர் பட்டரவாக்கத்துக்குத் திரும்புகின்றார். உடனே சீட்டில் 'முந்தையது: அம்பத்தூர்' என்று மாறிவிடுகின்றது. மீண்டும் பின்சென்றால் அம்பத்தூர், மீண்டும் பட்டரவாக்கம். அம்மனிதர் வாழ்நாள் முழுதும் இவ்விரு நிலையங்களுக்கிடையே ஊசலாடுவாரேயன்றிக் கொரட்டூரைக் காணமாட்டார். ஆதலின், ஒரு பெயரைக் குறித்தல் போதாது. முழு அடுக்கையும் காத்தல் வேண்டும். முன்சென்றால் ஏற்றவும், பின்சென்றால் இறக்கவும் வேண்டும்.

இன்னும் மூன்று நுட்பங்கள் உள. நண்பர் அனுப்பிய தொடுப்பின் வழியே நடுப்பக்கத்தில் நேரே வந்து இறங்கியவருக்கு முந்தைய காட்சியே இல்லை. அவருக்குப் 'பின்செல்' என்றால், அக்காட்சி அடங்கிய பட்டியலுக்கோ முகப்புக்கோ அழைத்துச் செல்லவேண்டும். பக்கத்தைப் புதுப்பித்தால் செயலியின் தற்காலிக நினைவு அழிந்துவிடும். ஆகையால் தடத்தையும், எழுதிய விடைகளையும், அழியாத இடத்தில் அவ்வப்பொழுது சேமிக்கவேண்டும். கடவுச்சொல் கேட்கும் பக்கம் ஒரு வாயில் மட்டுமே. உள்ளே வந்தபின் அது அடுக்கில் நிற்குமாயின், பின்செல்பவர் வாயிற்படியில் தடுக்கி விழுவார். எனவே அதன்மேல் புதியதை ஏற்றாமல், அதனை நீக்கி அவ்விடத்தில் புதியதை வைக்கவேண்டும். 2022ஆம் ஆண்டு குரோம் உலாவியில் வெளியான புதிய வழிச்செல் இடைமுகம், ஒரு தளம் தன் சொந்தக் காட்சிகளின் வரிசையை மட்டும் அறிந்துகொள்ள இடமளித்தது. பிறருடைய தடம் மறைவாகவே இருக்க, தன் தடத்தைத் தான் அறியலாம் என்னும் நடுநிலை அது.

இவ்வதிகாரத்தைத் தீய வழியில் பயன்படுத்தினோரும் உளர். பயனர் செல்லாத பக்கங்களை அடுக்கில் திணித்து, எத்தனை முறை பின்சென்றாலும் தம் தளத்தை விட்டு வெளியேற முடியாதபடி சிறைவைத்தனர். 2019ஆம் ஆண்டளவில், பயனர் தம் கையால் எதனையும் தொடாத பக்கங்களைப் பின்செல்லும்பொழுது தாண்டிச் செல்லும்படி குரோம் உலாவி அமைக்கப்பட்டது. திரும்பும் வழியை மறந்துவிடுவது கவனக்குறைவு. திரும்பும் வழியை அடைப்பது குற்றம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை இத்தகைய செயலிகளை எழுதப்போகின்றீர்கள். கணக்கு வகுப்பில் நான் ஒரு விதியைக் கடுமையாகப் பின்பற்றினேன். விடை சரியாயினும், செய்கைப் படிகளை அழித்துவிட்டவனுக்கு முழு மதிப்பெண் தருவதில்லை. "ஐயா, விடை வந்துவிட்டதே, படி எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பர். "விடை தவறாக இருந்தால் எந்தப் படிக்குத் திரும்புவாய்?" என்பேன். அன்று அவ்விதியைச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதினேன். அந்த விண்ணப்பத்தை எழுதியவர்கள் எங்கோ ஒரு வகுப்பில் அவ்விதியைக் கேட்கத் தவறியிருக்கலாம். அதன் விலையைக் கடைசல் தொழிலாளி ஒருவர் வட்டியோடு செலுத்தினார்.

அப்பெண் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். இம்முறை அவளுடன் நானும் சென்றேன். அந்தத் தளத்தை இதற்குள் மாற்றியமைத்திருந்தனர். ஒவ்வொரு படிக்கும் தனி முகவரி இருந்தது. மூன்றாவது படியை முடித்ததும், அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, தவறு எதுவும் இல்லை. ஆனாலும் ஒருமுறை பின்னால் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. "போ அம்மா" என்றேன். அவள் அம்புக்குறியை அழுத்தினாள். இரண்டாவது படி வந்தது. அவள் எழுதியவை எல்லாம் எழுதியபடியே இருந்தன. பிறகு நாங்கள் இருவரும் மூன்றாவது படிக்கு மீண்டு, விண்ணப்பத்தை நிறைவு செய்தோம்.